வாஷிங்டன் மாநிலத்தில் கடன் சமரசக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கிடையாதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். சியாட்டில் பக்கம் இருக்கிறீர்கள். நான்கு கிரெடிட் கார்டுகளில் சேர்த்து சுமார் 30,000 டாலர் கடன். "பாதித் தொகைக்கு முடித்துத் தருகிறோம், எங்கள் கட்டணம் மொத்தக் கடனில் 25 சதவீதம்" என்று ஒரு கம்பெனி விடாமல் ஃபோன் செய்கிறது. மாநில லைசென்ஸ் பட்டியலில் தேடிப் பார்த்தீர்கள், அந்தப் பெயரே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வாஷிங்டனில் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை, 1999இலேயே எடுத்துவிட்டார்கள்" என்று பதில் வந்தது. இது உண்மையா, ஏன் எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்குப் பின்னால் வேறொரு கேள்வி கேட்கிறது: லைசென்ஸ் இல்லையென்றால் சட்டமும் இல்லையா, இவர்கள் ஏமாற்றினால் யாரிடம் போய் நிற்பது?

நான் வக்கீல் இல்லை. இந்த மாநிலத்தில் லாபநோக்கற்ற கடன் ஆலோசனை அமைப்பு ஒன்றில் பல வருடம் ஆலோசகராக இருந்தேன். அப்புறம் நுகர்வோர் வழக்குகளை எடுத்து நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்தேன். கீழே சொல்வதில் சட்டம் என்ன சொல்கிறது என்கிற பகுதியை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் ஒப்பந்தத்தை நான் படித்ததில்லை என்பதால், உங்கள் விஷயத்தில் அது எப்படிப் பொருந்தும் என்பதை உங்கள் ஒப்பந்தத்தைப் படிக்கும் ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கம்பெனிக்காரர் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொல்லி நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். 1967இல் வாஷிங்டன் சட்டமன்றம் கடன் சமரசத் தொழிலுக்கென்று தனிச் சட்டம் ஒன்றைப் போட்டது. மாநிலச் சட்டத் தொகுப்பில் அது 18.28 என்ற அத்தியாயம். ஆரம்பத்தில் இந்தத் தொழில் செய்ய மாநில லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். 1999இல் அந்த அத்தியாயத்திலிருந்து லைசென்ஸ் சம்பந்தப்பட்ட பிரிவுகளை மட்டும் நீக்கினார்கள். அத்தியாயத்தை நீக்கவில்லை. தொழிலை எப்படி நடத்த வேண்டும், எவ்வளவு வாங்கலாம், மீறினால் என்ன ஆகும் என்ற பகுதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், உங்களிடம் கடனை வசூலிக்க வரும் ஏஜென்சிக்கு இந்த மாநிலத்தில் இன்றும் லைசென்ஸ் கட்டாயம். உங்கள் பக்கம் நின்று அந்த ஏஜென்சியோடு பேரம் பேசுகிறேன் என்று சொல்பவருக்கு வேண்டாம்.

மிச்சமிருக்கும் சட்டத்தில் முக்கியமானது கட்டண வரம்பு. ஒப்பந்தத்தில் பட்டியலிட்ட மொத்தக் கடனில் 15 சதவீதத்துக்கு மேல் மொத்தக் கட்டணம் போகக் கூடாது. நீங்கள் கட்டும் எந்த ஒரு தவணையிலிருந்தும் 15 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆரம்பக் கட்டணம் என்று வாங்கினால் அதிகபட்சம் 25 டாலர். உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள்: 30,000 டாலருக்கு 15 சதவீதம் என்றால் 4,500 டாலர். அவர்கள் கேட்பது 25 சதவீதம், அதாவது 7,500 டாலர். ஃபோனில் சொன்ன அதே எண் ஒப்பந்தத்திலும் இருந்தால், கையெழுத்துப் போடும் நிமிடத்திலேயே அது வரம்பை மீறிய ஒப்பந்தம். அதற்கு இந்தச் சட்டம் தரும் தண்டனையும் சின்னதல்ல. தவறுதலாக நடந்த நேர்மையான பிழை என்றால் தவிர, வரம்பை மீறிய ஒப்பந்தம் செல்லாது. கடன்காரர்களுக்கு, அதாவது உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, போய்ச் சேராத பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். கூடுதலாக வாங்கிய 3,000 டாலரை மட்டும் கொடுத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது.

அதோடு நிற்கவில்லை. உங்களிடமிருந்து வாங்கும் பணம் கைக்கு வந்த நொடியிலிருந்து நம்பிக்கைப் பணம். தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனி டிரஸ்ட் கணக்கில் வைக்க வேண்டும். உங்கள் கடன்கள் ஒவ்வொன்றும், கட்டணமும், தவணைகளும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வெற்றிடம் விட்ட தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது. கையெழுத்திட்ட மூன்று நாளுக்குள் நீங்கள் விலகலாம் என்ற அறிவிப்பு அதில் அச்சாகியிருக்க வேண்டும். ஏமாற்றும் விளம்பரம் கூடாது. ஆள் பிடித்துத் தருபவருக்கு கமிஷன் கூடாது. இவற்றை மீறுவது குற்றம் என்பதோடு, மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறியதாகும் என்று அந்த அத்தியாயமே சொல்கிறது. இந்தக் கடைசி வரி பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் லைசென்ஸ் போன பிறகு மொத்தச் சட்டமும் நிற்பது அதன் மேல்தான்.

ஏனென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்களே வழக்குப் போடலாம். ஜெயித்தால் நஷ்டத்தோடு உங்கள் வக்கீல் கட்டணத்தையும் எதிராளி தர வேண்டும். நீதிபதி விரும்பினால் நஷ்ட ஈட்டை மூன்று மடங்காக்கலாம், அந்தக் கூடுதல் தொகைக்கு 25,000 டாலர் உச்சவரம்பு. மூவாயிரம் டாலர் வழக்கை எந்த வக்கீல் எடுப்பார் என்ற கேள்விக்குப் பதில் அந்த வக்கீல் கட்டணப் பிரிவில் இருக்கிறது. நான் வேலை பார்த்த அலுவலகமே அதை நம்பித்தான் நடந்தது.

சரி, முதலில் லைசென்ஸ் ஏன் வந்தது? 1950கள், 60களில் இந்தத் தொழிலின் வடிவம் வேறு. மாதா மாதம் ஒரு தொகையை உங்களிடம் வாங்கி, அதைப் பிரித்து உங்கள் கடன்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புவார்கள். அந்தச் சேவைக்கு ஒரு கட்டணம். நடந்ததோ, முதல் சில மாதப் பணம் முழுக்கக் கட்டணமாகவே போய்விடும், கடன்காரருக்கு ஒன்றும் போகாது, அவர் கோர்ட்டுக்குப் போய்விடுவார். மாநிலங்கள் இரண்டு வழியில் இதைக் கையாண்டன. சில மாநிலங்கள் லைசென்ஸ் போட்டு ஒழுங்குபடுத்தின. சில மாநிலங்கள் தொழிலையே தடை செய்தன. கன்சாஸ் இரண்டாவது வகை. வக்கீல்கள் தங்கள் தொழிலின் பகுதியாகச் செய்வதைத் தவிர வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது என்றது. அதை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1963இல் ஃபெர்கூசன் எதிர் ஸ்க்ரூபா என்ற பெயரில் தீர்ப்பானது. நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய அந்தத் தீர்ப்பு, ஒரு தொழில் பயனுள்ளதா, கெடுதலா என்பதைச் சட்டமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும், கோர்ட் தன் பொருளாதாரக் கொள்கையை அதன்மேல் திணிக்காது என்று சொல்லித் தடையைச் செல்லுபடியாக்கியது. இன்றும் அரசியல் சாசன வகுப்புகளில் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். கடன் சமரசத்துக்காக அல்ல, தொழில்களை ஒழுங்குபடுத்தும் மாநிலத்தின் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்காக. அந்த அதிகாரத்தால்தான் இன்றைக்கும் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுகிறது. நியூ ஜெர்சியில் லாபநோக்குள்ள கம்பெனி இந்தத் தொழிலைச் செய்யவே முடியாது. கொலராடோவிலும் யூட்டாவிலும் 2005இல் தயாரான ஒரு மாதிரிச் சட்டத்தை ஒட்டிப் பதிவு முறை வந்தது. வாஷிங்டனில் லைசென்ஸ் இல்லை, ஆனால் கட்டண வரம்பு உண்டு.

லைசென்ஸை எடுத்தவர்களின் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் விஷயம் இருக்கிறது. லைசென்ஸ் முறை என்பது விண்ணப்பம் வாங்கி, பின்னணி பார்த்து, ஜாமீன் பத்திரம் கேட்டு, அவ்வப்போது கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது. அதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் லைசென்ஸ் கட்டணத்திலிருந்து வர வேண்டும். லைசென்ஸ் வாங்குபவர்கள் குறைவாக இருந்தால் அது ஓடாது. இரண்டாவது, மோசடிக்காரர் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. வேறு மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபோனில் வேலையை முடிக்கிறார். மூன்றாவது, விண்ணப்பித்து வாங்குபவர் அதைச் சுவரில் மாட்டுவதோடு விடாமல் விளம்பரத்திலும் போடுவார். "மாநில லைசென்ஸ் பெற்றது" என்ற வரியைப் பார்த்ததும் மக்கள் கட்டணத்தைப் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இதை நான் ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் வேறு மாநிலத்தில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கொண்டு வருவார், "லைசென்ஸ் இருந்ததே" என்பார், கட்டணப் பக்கத்தை அவர் திறந்திருக்கவே மாட்டார்.

விதிவிலக்கு என்ற ஓட்டை வேறு. லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தொழிலில் புகுந்து விளையாடியவர்கள் பெரும்பாலும் விதிவிலக்குகள் வழியாகத்தான் வந்தார்கள். மேரிலாந்தைச் சேர்ந்த அமெரிடெட் என்ற அமைப்பு லாபநோக்கற்றது என்ற பெயரில் நாடு முழுக்க விளம்பரம் செய்தது. முன்கட்டணம் இல்லை என்றது. வாடிக்கையாளரின் முதல் தவணையை "நன்கொடை" என்று எடுத்துக்கொண்டது. வியாபார மோசடிகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2003இல் வழக்குப் போட்டது. பணம் போய்ச் சேர்ந்ததோ டெட்வொர்க்ஸ் என்ற லாபநோக்குள்ள கம்பெனிக்கு. பல மாநிலங்களின் லைசென்ஸ் சட்டங்கள் லாபநோக்கற்ற அமைப்புகளைத் தொடாமல் விட்டிருந்தன. வாஷிங்டன் சட்டத்தில் அந்த விலக்குக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: மாதம் 15 டாலருக்கு மேல் சேவைக் கட்டணம் வாங்காத லாபநோக்கற்ற அமைப்புக்குத்தான் விலக்கு. எனக்குப் பிடித்த வரி இது. நீ யார் என்று கேட்காமல் எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்கிறது.

வரம்பு மட்டும் உண்மையில் வேலை செய்யுமா என்ற சந்தேகத்துக்கு 2011 மே மாதம் ஒரு பதில் கிடைத்தது. அதற்குள் தொழிலின் வடிவம் மாறியிருந்தது. பழைய மாதிரி பணத்தைப் பிரித்து அனுப்பாமல், "கார்டுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், அந்தப் பணத்தை ஒரு தனிக் கணக்கில் சேருங்கள், சேர்ந்ததும் நாங்கள் பேரம் பேசி முடிக்கிறோம்" என்ற வடிவம். பேரம் பேசுவது ஒரு கம்பெனி, கணக்கை வைத்திருப்பது இன்னொரு கம்பெனி. ஓக்லஹோமாவின் டல்சாவைச் சேர்ந்த குளோபல் கிளையன்ட் சொல்யூஷன்ஸ் இப்படிக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி. "நாங்கள் பேரம் பேசவில்லை, பணத்தை அங்கிருந்து இங்கே நகர்த்துகிறோம், அதனால் இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்பது அவர்கள் வாதம். வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காகக் கடனாளியின் பணத்தைப் பெறுவதும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது, எனவே அவர்களும் கடன் சமரசத் தொழில் செய்பவர்களே, கட்டண வரம்பு அவர்களையும் கட்டும் என்றது. லைசென்ஸ் பிரிவுகள் போய்ப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த தீர்ப்பு இது. இதில் யாரும் லைசென்ஸைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், லைசென்ஸை எடுத்தது பேரழிவு இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஒன்றை இழந்தோம். லைசென்ஸ் கொடுக்கும் துறை சேதம் நடப்பதற்கு முன்னால் கதவைத் தட்டக்கூடியது. புகார் வராமலேயே டிரஸ்ட் கணக்கைத் திறந்து பார்க்கும். வழக்கு அப்படியல்ல, பணம் போன பிறகுதான் வருகிறது. அதுவும் பணம் போனவர் அதைச் சட்ட மீறல் என்று தெரிந்துகொண்டு, வக்கீலைத் தேடிப் போனால். நம்மவர்களிடம் அது இன்னும் கடினம். கடன் இருக்கிறது என்று சொல்லவே கூச்சம், கடனைத் தீர்க்கிறேன் என்று சொன்னவனிடம் ஏமாந்தேன் என்று சொல்ல இரட்டைக் கூச்சம். அண்ணன் தம்பிக்கே தெரியாமல் வைத்திருப்பார்கள், கோர்ட்டில் போய் எப்படிச் சொல்வார்கள்?

1999இல் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத இன்னொன்றும் நடந்தது. நீதிமன்றக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்ற அனுமானத்தில்தான் லைசென்ஸ் இல்லாத ஏற்பாடு நிற்கிறது. வாஷிங்டன் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, 2011 ஏப்ரலில், ஏடி அண்டு டி மொபிலிட்டி எதிர் கன்செப்சியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தில் இருக்கும் மத்தியஸ்தப் பிரிவுகளை, அதாவது தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் தனியார் மத்தியஸ்தரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பிரிவுகளை, மாநிலங்கள் எளிதில் தள்ளிவிட முடியாது என்றது. பலர் சேர்ந்து ஒரே வழக்காகப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அந்தப் பிரிவில் எழுதியிருந்தாலும் அது நிற்கும். மறு வருடம் கம்ப்யூகிரெடிட் எதிர் கிரீன்வுட் வழக்கில், கிரெடிட் ரிப்பேர் கம்பெனிகளை, அதாவது உங்கள் கிரெடிட் பதிவைச் சரிசெய்து தருகிறோம் என்பவர்களை, எதிர்த்து வழக்குப் போடும் உரிமையைத் தரும் ஃபெடரல் சட்டத்துக்கும் அதே கதி ஆனது. இப்போது வரும் கடன் சமரச ஒப்பந்தங்களில் அந்தப் பிரிவு இல்லாததைப் பார்ப்பது அபூர்வம். தனியாக மத்தியஸ்தரிடம் போனாலும் 15 சதவீத வரம்பு உங்களுக்கு உண்டு, உரிமை அழிவதில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து போகும் பாதைதான் குறுகுகிறது. லைசென்ஸ் வேண்டாம் என்ற வாதத்தை 1999இல் என்னிடம் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன். இன்று கேட்டால் பதிவாவது வேண்டும், வருடத்துக்கு ஒரு முறை எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடனை முடித்தார்கள் என்ற கணக்கைக் கொடுத்தாக வேண்டும் என்பேன்.

ஃபெடரல் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது, அது இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கிறது. 2010 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் ஆட்கள் வாடிக்கையாளர் போல 20 கடன் சமரசக் கம்பெனிகளை அழைத்துப் பேசியிருந்தார்கள். அதில் 17 கம்பெனிகள் கடனை முடிப்பதற்கு முன்பே கட்டணம் வாங்குபவை. அந்த ஆண்டு அக்டோபர் 27 முதல், ஃபோன் வழியாக விற்கும் கடன் சமரசக் கம்பெனிகள் முன்கட்டணம் வாங்கக் கூடாது என்று ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி அமலுக்கு வந்தது. குறைந்தது ஒரு கடனாவது பேசி முடிந்திருக்க வேண்டும், அந்த முடிவை நீங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அதன்படி ஒரு தவணையாவது கடன்காரருக்குப் போயிருக்க வேண்டும். இவை மூன்றும் நடந்த பிறகே அந்தக் கடனுக்குரிய கட்டணம். நீங்கள் அழைத்தாலும் சரி, அவர்கள் அழைத்தாலும் சரி. நேரில் சந்தித்து விற்றால் இந்த விதி பொதுவாகப் பொருந்தாது. அதைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டுக்கு ஒரு நோட்டரியை அனுப்பிவிட்டு "நேரில் சந்தித்தோம்" என்று சொல்லும் உத்தியை அரசு அமைப்புகள் தங்கள் வழக்குகளில் எழுதியிருக்கின்றன. உங்களுக்கும் நோட்டரியை அனுப்புகிறோம் என்றால் அதற்கு இதுதான் காரணமாக இருக்கலாம். வாஷிங்டனின் 15 சதவீத வரம்புக்கு ஃபோன், நேர் என்ற வித்தியாசம் இல்லை.

இனி சந்தேகமான பகுதிகள். வாஷிங்டன் சட்டம் வக்கீல்களுக்கு விலக்குத் தருகிறது, ஆனால் அவர்கள் தொழிலோடு ஒட்டி மட்டும் செய்யும் வேலைக்கே. சில கம்பெனிகள் ஒரு வக்கீல் அலுவலகத்தின் பெயரை முன்னால் நிறுத்தி, பின்னால் கால் சென்டரை வைத்து நடத்துகின்றன. அப்படிப்பட்டவருக்கு விலக்குக் கிடைக்குமா என்பது அந்த வக்கீல் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது. பொதுப்படையாக நான் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் கட்டும் ஒவ்வொரு தவணையிலும் குறைந்தது 85 சதவீதத்தை 40 நாளுக்குள் கடன்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அது சொல்கிறது. பழைய, பிரித்து அனுப்பும் முறைக்காக எழுதியது அது. இன்றைய கம்பெனிகளோ பணத்தைப் பல மாதம் சேர்த்து வைத்தால்தான் பேரம் பேச முடியும் என்கின்றன. ஒரு கம்பெனி கட்டணத்தைச் சரியாக 15 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டு பணத்தை மட்டும் இப்படிச் சேர்த்து வைத்தால் மத்தியஸ்தர் ஒருவர் அதை எப்படிப் பார்ப்பார் என்பதை உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன்.

சட்டத்தை விடுங்கள், உங்கள் கணக்கைப் பார்ப்போம். 30,000 டாலர் கடன் பாதிக்கு முடிந்தால் 15,000. அவர்கள் கேட்கும் கட்டணம் 7,500. மொத்தம் 22,500. தள்ளுபடியான 15,000 டாலரை வரித்துறை உங்கள் வருமானமாகப் பார்க்கும். 600 டாலரும் அதற்கு மேலும் தள்ளுபடி செய்தால் அதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவத்தை வங்கி அனுப்பும். நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் அது 3,300 டாலர். ஆக 25,800. மிச்சம் 4,200 டாலர்தான். அதுவும் நான்கு கார்டும் பாதிக்கு ஒத்துக்கொண்டால், கட்டாமல் விட்ட மாதங்களின் வட்டியும் அபராதமும் சேராமல் இருந்தால். அவை சேரும். தள்ளுபடி நடந்த சமயத்தில் உங்கள் சொத்தை விடக் கடன் அதிகமாக இருந்தால் 982 என்ற படிவத்தைப் போட்டு அந்த வரியிலிருந்து முழுதாகவோ பகுதியாகவோ தப்பலாம். வீடோ பங்குகளோ வைத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் உதவாது, சம்பளத்தோடு கம்பெனிப் பங்கும் வாங்கும் ஐடி ஆட்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாமல் நிறுத்துவதில் பெரிய ஆபத்து கடன்காரர் கோர்ட்டுக்குப் போவது. எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு இந்த மாநிலத்தில் வழக்குப் போட ஆறு வருட அவகாசம் உண்டு. எந்த வங்கியும் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. "நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று சமரசக் கம்பெனி சொல்வது வழக்கைத் தடுக்காது. சம்மன் கையில் கிடைத்த 20 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதைச் சமரசக் கம்பெனிக்கு ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் பலரை எங்கள் அலுவலகத்தில் பார்த்தேன். அவர்கள் வந்து சேரும்போது தீர்ப்பாகி, சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்திருக்கும்.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாபநோக்கற்ற கிரெடிட் கவுன்சலிங் அமைப்பு மூலம் போகும் திட்டத்தில் அசல் குறையாது, வட்டி குறையும், மூன்று முதல் ஐந்து வருடத்தில் கட்டி முடிப்பீர்கள். நான் அங்கே வேலை பார்த்தவன் என்பதால் எனக்குச் சாய்வு இருக்கும், அதைக் கழித்துவிட்டே கேளுங்கள். நிலையான சம்பளம் உள்ளவருக்கு 30,000 டாலர் என்பது பெரும்பாலும் இந்த வழியில் முடியக்கூடிய தொகைதான். சம்பளமே நின்றுவிட்டது என்றால் திவால் வக்கீலை ஒரு முறை பாருங்கள். திவாலில் ரத்தாகும் கடனுக்கு மேலே சொன்ன வருமான வரி கிடையாது. வங்கிகளோடு நீங்களே நேரில் பேசுவதும் முடியும். கஷ்ட காலத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், ஃபோனை எடுப்பவரிடமே அது இருக்கும்.

அந்தக் கம்பெனி அடுத்து அழைக்கும்போது, "வாஷிங்டன் சட்டம் 18.28இன்படி உங்கள் மொத்தக் கட்டணம் 15 சதவீதத்துக்குள் இருக்கும் என்று எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். லைசென்ஸைப் பற்றி வாதாட வேண்டாம், அதில் அவர்கள் சொல்வதுதான் சரி. எழுதித் தர மறுத்தால் பேச்சு அங்கே முடிந்தது. ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்திட்டு, தனிக் கணக்கில் பணமும் போட ஆரம்பித்திருந்தால், ஃபெடரல் விதிப்படி அந்தப் பணம் உங்களுடையது. எப்போது வேண்டுமானாலும் அபராதமில்லாமல் விலகலாம், அவர்கள் நியாயமாகச் சம்பாதித்த கட்டணம் போக மிச்சத்தை ஏழு வேலை நாளுக்குள் தந்தாக வேண்டும். மின்னஞ்சலில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் புகார் கொடுங்கள், கூடவே ஒரு நுகர்வோர் வக்கீலையும் பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் போட நான்கு வருடம்தான் அவகாசம், ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு வைத்துவிடுங்கள்.